பிரெத் ஆஃப் தி வைல்ட்: ஹைரூலை மனம்போல் சுற்றிப் பார்க்க முழுமையான வழிகாட்டி

2017 மார்ச் 3 அன்று நின்டெண்டோ ஸ்விட்ச், வீ யூ இரண்டிலும் வெளியான ‘தி லெஜண்ட் ஆஃப் செல்டா: பிரெத் ஆஃப் தி வைல்ட்’, லிங்க் என்ற வீரராக ஹைரூல் நாட்டில் உலவும் வீடியோ கேம்; முதல் சில மணி நேரத்துக்குப் பிறகு உங்களை முழுக்க அவிழ்த்து விட்டுவிடுகிறது. நான்கு டிவைன் பீஸ்ட்களை (பிரம்மாண்ட விலங்கு இயந்திரங்களை) எந்த வரிசையிலும் பிடிக்கலாம், பிடிக்காமலும் விடலாம். தொடக்கப் பீடபூமியை விட்டு இறங்கிய கையோடு ஹைரூல் கோட்டைக்குப் போய் இறுதி எதிரியான கேனனோடு மோதினாலும் கேம் தடுக்காது. இவ்வளவு சுதந்திரம் கிடைத்ததும் பலரும் என்ன செய்வதென்று தெரியாமல் வலைத்தளத்து மேப்பைத் திறந்துவைத்து, ஐகான் ஐகானாகப் போக ஆரம்பிக்கிறார்கள். இருபது மணி நேரத்தில் சலித்துவிடுகிறது.

இந்த உலகம் கண்ணால் பார்த்துப் போவதற்காகக் கட்டப்பட்டது. டவரில் ஏறி மேப்பைத் திறந்தால்கூட நிலத்தின் அமைப்பும் இடப்பெயர்களும்தான் தெரியும். ஷ்ரைன் (புதிர்கள் உள்ள சிறு கோயில்) எங்கே, புதையல் எங்கே என்று அது காட்டாது. அவற்றைக் கண்டுபிடிப்பது உங்கள் வேலை. எப்படிப் பார்ப்பது, பார்த்த இடத்துக்கு எப்படிப் போய்ச் சேர்வது, வழியில் எதனால் சாகிறோம் ஆகிய மூன்றும் கைவந்தால் வேறு எந்த மேப்பும் தேவைப்படாது.

படி 1: பீடபூமியை அவசரமாக முடிக்காதீர்கள்

கிரேட் பிளேட்டோ என்ற முதல் பீடபூமிதான் கேமின் பாடசாலை. இங்குள்ள நான்கு ஷ்ரைன்களில் ஓமன் ஔ மேக்னெசிஸையும் (உலோகத்தை நகர்த்துவது), ஜா பைஜ் ரிமோட் பாமையும், கே நமூட் கிரையோனிஸையும் (நீரில் பனித்தூண் எழுப்புவது), ஓவா டைம் ஸ்டேசிஸையும் (பொருளை உறைய நிறுத்துவது) தரும். இந்த நான்கு சக்திகளும் கடைசி வரை போதும். பின்னால் மேம்படுத்திக்கொள்ளலாமே தவிர, ஓரிடத்துக்குள் நுழைய இன்னொரு சக்தி வேண்டும் என்று கேம் கேட்பதில்லை.

கே நமூட்டும் ஓவா டைமும் குளிர்ப் பகுதியில் இருக்கின்றன. குளிரைச் சமாளிக்கப் பல வழிகள் உண்டு. பீடபூமியில் வழிகாட்டும் கிழவருக்குப் பிடித்த, மிளகாயும் இறைச்சியும் மீனும் சேர்ந்த வறுவலைச் சமைத்துக் கொடுத்தால் கதகதப்பான சட்டை கிடைக்கும். சட்டையில்லாமலே ஹைலியா மலை உச்சிக்கு ஏறிவிட்டாலும் அவர் அங்கே வந்து அதே சட்டையைத் தருவார். ஸ்பைசி பெப்பர் 5 எடுத்து ஒன்றாகச் சமைத்தால் 12 நிமிடம் 30 நொடிக்குக் குளிர் தாங்கும். எரியும் தீப்பந்தத்தைக் கையில் பிடித்தபடி நடந்தாலும் உடம்பு சூடாகும். ஒரே சிக்கலுக்கு இத்தனை விடை இருப்பது தற்செயல் அல்ல. நெருப்பு, குளிர், மின்சாரம், காற்று ஒவ்வொன்றும் எல்லாப் பொருளோடும் ஒரே விதிப்படி நடந்துகொள்ளும்படி இயக்குநர் ஹிடெமாரோ ஃபுஜிபயாஷியின் குழு இந்தக் கேமை வடிவமைத்தது. நிஜத்தில் நடக்குமென்று தோன்றுவதை இங்கே செய்து பாருங்கள், பெரும்பாலும் நடக்கும்.

பீடபூமியை விட்டுப் போகும் முன் இரண்டு விஷயம் பழகிக்கொள்ளுங்கள். பள்ளத்தின் ஓரம் நிற்கும் மரத்தை, விழவேண்டிய திசைக்கு எதிர்ப்பக்கம் நின்று கோடாரியால் வெட்டினால் அது பாலமாகும். ஒரு பாறையை ஸ்டேசிஸால் நிறுத்தி, அது உறைந்திருக்கும்போது பலமுறை அடித்தால், விடுபட்டதும் அத்தனை அடியின் வேகத்தோடும் பறக்கும். கிழவர் வீட்டுக் கோடாரி, ஒரு தீப்பந்தம், 10 மிளகாய், சில காளான்கள் கையில் இருக்கட்டும்.

ஷ்ரைனுக்கு ஒன்றாகக் கிடைக்கும் ஸ்பிரிட் ஆர்ப் நான்கு சேர்ந்ததும், பீடபூமியிலுள்ள டெம்பிள் ஆஃப் டைமில் ஹார்டா (உயிர்) ஸ்டாமினாவா (தெம்பு) என்று கேட்கும். ஊர் சுற்றும் ஆசையோடு விளையாடுபவர் யோசிக்காமல் ஸ்டாமினாவை எடுக்கலாம். ஒரு ஹார்ட் கூடினால் ஓர் அடி கூடுதலாகத் தாங்குவீர்கள், அவ்வளவுதான். ஸ்டாமினா கூடினால் நேற்று ஏற முடியாத மலை இன்று ஏறக்கூடியதாகிறது.

கணக்கு இதுதான். ஷ்ரைன்கள் 120. நான்கு ஆர்ப்புக்கு ஒரு மேம்பாடு என்றால் மொத்தம் 30. ஸ்டாமினாவைத் திரையில் ஒரு சக்கரம் காட்டும்; ஒரு ஸ்டாமினா வெசல், அதாவது ஒரு மேம்பாடு, அந்தச் சக்கரத்தில் ஐந்தில் ஒரு பங்கு. ஒரு சக்கரத்தோடு தொடங்குவதால் மூன்று சக்கரம் நிரம்ப 10 வெசல் தேவை. முதல் 5 மேம்பாட்டையும் ஸ்டாமினாவிலேயே போட்டு இரண்டு சக்கரமாக்குங்கள், அதற்கு மேல் ஹார்டைக் கவனிக்கலாம். மாஸ்டர் வாளை உருவ, உணவால் வரும் மஞ்சள் ஹார்டுகள் சேராமல் 13 ஹார்ட் வேண்டும் என்பதையும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள். திட்டம் மாறினால் கவலையில்லை: ஹடேனோ கிராமத்திலுள்ள கொம்புச் சிலை ஒரு ஹார்டையோ ஸ்டாமினா வெசலையோ 100 ரூபிக்கு (ரூபி கேமின் பணம்) வாங்கிக்கொண்டு, 120 ரூபிக்கு வேண்டியதைத் திருப்பித் தரும். மாற்றத்துக்குச் செலவு 20 ரூபிதான்.

படி 2: திரையைச் சுத்தம் செய்யுங்கள்

ஆப்ஷன்ஸில் எச்யூடி மோடை (திரையில் காட்டும் தகவல்களின் அமைப்பை) ‘புரோ’ என்று மாற்றினால் மினிமேப், வெப்பமானி, சத்தமானி எல்லாம் மறைந்து, ஹார்டுகள் மட்டும் மிஞ்சும். மூலையில் மினிமேப் இருக்கும்வரை கண் அதிலேயே ஓடும். எதிரே நிற்கும் மலையைப் பார்க்கமாட்டீர்கள். முதல் சில மணி நேரம் சாதாரண மோடில் விளையாடி வெப்பம், குளிரின் அளவைப் பழகுங்கள். அதன் பின் லிங்க் நடுங்குவதையும் வியர்ப்பதையும் பார்த்தே குறிப்பறியலாம். வழி தவறினால் பெரிய மேப்பை ஒரு பட்டனில் திறந்துகொள்ளலாமே.

சேவ் பற்றி ஒரு வார்த்தை. நீங்களே செய்யும் சேவ் ஒன்றும், கேம் தானாகச் செய்யும் சேவ் ஐந்தும் எப்போதும் இருக்கும். விபரீதமான எதையும் முயலும் முன் கையால் ஒரு சேவ் போட்டுவிட்டால் துணிந்து குதிக்கலாம்.

படி 3: உயரத்தில் நில்லுங்கள், சுற்றிப் பாருங்கள், குறியுங்கள்

ஹைரூலில் 15 டவர்கள் உள்ளன. டவர் உச்சியில் மேப் திறந்ததும் உடனே குதித்துவிடுவதுதான் பெரும்பாலோர் செய்வது. அங்கேயே ஒரு முழுச் சுற்று பார்க்க வேண்டும். வலது ஸ்டிக்கை அழுத்தினால் ஸ்கோப் வரும். கண்ணில் பட்டதன் மேல் அதை நிறுத்தி ஏ பட்டனை அழுத்தினால் ‘பின்’ என்ற அடையாளக் குறி விழும். தூரத்திலிருந்தும் தெரியும்படி ஒளித்தூணாக நிற்கும். ஒரே நேரத்தில் 5 பின் போடலாம். அழியாமல் வைக்க வேண்டியவற்றுக்கு மேப்பில் ஸ்டாம்ப் 100 வரை போடலாம். வாள், பெட்டி, மண்டையோடு, இலை, நட்சத்திரம் என்று பல வடிவங்கள் உண்டு. உங்களுக்கென ஒரு முறை வைத்துக்கொள்ளுங்கள்: இப்போது வெல்ல முடியாத எதிரிக்கு மண்டையோடு, நல்ல ஆயுதம் கிடைத்த இடத்துக்கு வாள், பிறகு பார்க்கலாம் என்று விட்டதற்கு நட்சத்திரம்.

ஐந்து பின்னையும் ஒரே டவரிலிருந்து போட்டுத் தீர்க்காதீர்கள். மூன்று போதும். ஒன்று பக்கத்தில், ஒன்று நடுத்தூரத்தில், ஒன்று வானவிளிம்பில். முதல் பின்னுக்குப் போகும் வழியிலேயே இரண்டு புதிய விஷயம் கண்ணில் படும். மீதிப் பின்கள் அவற்றுக்கு.

அப்படிப் படுவதற்குக் காரணம் இருக்கிறது. 2017இல் ஜப்பானில் நடந்த செடெக் என்ற கேம் உருவாக்குநர் மாநாட்டில் நின்டெண்டோ குழுவினர் இந்த நிலத்தை வடிவமைத்த முறையை விளக்கினார்கள். குன்று, பாறை, மலை எல்லாமே முக்கோண வடிவம். முக்கோணம் பின்னால் இருப்பதை மறைக்கும். நடக்க நடக்க அதன் சரிவு விலகி, மறைந்தது கொஞ்சம் கொஞ்சமாகத் தெரியவரும். மேலே ஏறிக் கடப்பதா, சுற்றிப் போவதா என்ற முடிவையும் அது உங்களிடமே விடுகிறது. பெரிய முக்கோணங்கள் தூரத்து அடையாளம், நடுத்தரமானவை பார்வையை மறைக்க, சிறியவை நடையின் தாளத்தை மாற்ற. ஆகவே ஒரு குன்றைச் சுற்றி வரும்போது வேகத்தைக் குறைத்து, அதன் விளிம்பைப் பார்த்தபடி வாருங்கள். எதையாவது மறைக்கத்தான் அந்தக் குன்றை அங்கே வைத்திருக்கிறார்கள்.

எதைப் பார்த்தால் என்ன பொருள் என்று தெரிந்தால் பார்வை கூர்மையாகும்.

– ஆரஞ்சு வெளிச்சம்: இன்னும் இயக்காத ஷ்ரைன் அல்லது டவர். இரவில் வெகுதூரம் தெரியும். உள்ளே போக நேரமில்லையென்றால் வாசலிலுள்ள கருவியை மட்டும் இயக்கிவிட்டு வாருங்கள். அதுவே உடனடிப் பயணத்துக்கான இடமாகிவிடும்.
– குதிரைத் தலை வடிவக் கூரை: ஸ்டேபிள், அதாவது குதிரை லாயமும் விடுதியும். மண்டையோட்டு வடிவப் பாறை: பொகோப்ளின் எதிரிகளின் முகாம்.
– தனியாக நிற்கும் ஒற்றை மரம், ஒரு கல் குறையும் கல்வட்டம், குளத்தில் வளையமாக மிதக்கும் அல்லி இலைகள், உச்சியில் காரணமில்லாமல் கிடக்கும் சிறு பாறை: கொரோக், அதாவது ஒளிந்திருக்கும் காட்டுக் குட்டி உருவம்; கண்டுபிடித்தால் விதை தரும். இயற்கையாகத் தோன்றாத ஒழுங்கு எங்கே தெரிந்தாலும் சந்தேகப்படுங்கள்.
– சுவரில் விரிசல்: பாம் வையுங்கள்.
– காற்றில் அக்கார்டியன் இசை: காஸ் என்ற ரீட்டோ (பறவை மனிதர்) இனப் பாடகர் பக்கத்தில் இருக்கிறார். 120 ஷ்ரைன்களில் 42, புதிர் ஒன்றை விடுவித்த பிறகே வெளிப்படுபவை. அவற்றில் பலவற்றுக்கு அவர் பாட்டில் துப்பு இருக்கும்.
– வானிலிருந்து விழும் நட்சத்திரம்: விழுந்த இடத்தில் ஒளித்தூண் நிற்கும். விடிவதற்குள் போனால் ஸ்டார் ஃபிராக்மென்ட் கிடைக்கும். பார்த்த கணமே ஸ்கோப்பில் பின் போட்டுவிடுங்கள்.

படி 4: ஏறுவது

இந்தக் கேமில் சுதந்திரம் என்று சொல்வதில் பாதி இந்த ஒரு திறனில் இருக்கிறது. ஷ்ரைன்களின் உட்சுவர் போன்ற சில இடங்கள் தவிர எதன் மேலும் ஏறலாம். சிரமம் ஸ்டாமினாவில்தான்.

ஏறும் முன் கீழே நின்று பாறை முகத்தை ஸ்கோப்பில் பாருங்கள். நிமிர்ந்து நிற்கக்கூடிய திட்டு, சற்றே சாய்ந்த விளிம்பு, துருத்தி நிற்கும் கல் எங்கெங்கே என்று கணக்கெடுங்கள். லிங்க் காலூன்றி நின்றால் ஸ்டாமினா நிரம்பும். நேர்கோட்டில் ஏறாமல் திட்டிலிருந்து திட்டுக்குப் போனால் ஒரே சக்கரத்தில் பெரிய மலையையும் ஏறலாம். சுவரில் அசையாமல் தொங்கினால் ஸ்டாமினா குறையாது, ஏறாது. மேப்பைப் பார்க்கவும் யோசிக்கவும் அங்கே நேரமுண்டு.

எக்ஸ் பட்டனால் தாவி ஏறுவது வேகமானது, ஆனால் ஸ்டாமினாவை விழுங்கும். அதைக் கடைசிக்கு வைத்திருங்கள்: சக்கரத்தில் துளி மிச்சம் இருந்தாலும் ஒரு முழுத் தாவல் கிடைக்கும். உச்சிக்கு ஓர் ஆள் உயரம் இருக்கும்போது ஸ்டாமினா சிவந்துவிட்டால் ஊர்ந்து ஏறாதீர்கள், தாவுங்கள். அப்படியும் போதாதென்றால் தொங்கியபடியே இன்வென்டரியைத் திறந்து சாப்பிடலாம். தரையில் ஓடும்போது மட்டும் சக்கரம் முழுதும் தீருமுன் பட்டனை விட்டுவிடுங்கள். தீர்ந்தால் முழுக்க நிரம்பும்வரை எதுவும் செய்ய முடியாமல் மூச்சிரைப்பார்.

மழைதான் ஏறுபவரின் எதிரி. ஈரப்பாறையில் நாலைந்து பிடி ஏறியதும் வழுக்கிக் கீழே இறக்கும். சிறிய சுவர் என்றால் வழுக்குவதற்குச் சற்று முன் ஒரு தாவல் போட்டு ஏறிவிடலாம். பெரிய மலையில் அந்த முயற்சி வேண்டாம். கூரைபோல் நீட்டிய பாறையின் கீழே ஒதுங்கி, விறகுக் கட்டு ஒன்றும் ஃபிளின்ட் (சிக்கிமுக்கிக் கல்) ஒன்றும் அருகருகே போட்டு, இரும்பு ஆயுதத்தால் அடித்துத் தீ மூட்டுங்கள். நெருப்பருகே உட்கார்ந்து காலை, நண்பகல், இரவு என்று நேரத்தைத் தள்ளலாம். திறந்த வெளியில் மழை தீயை அணைத்துவிடும் என்பதால்தான் பாறை நிழல் தேவைப்படுகிறது. விறகும் ஃபிளின்ட்டும் எப்போதும் இருப்பில் இருக்கட்டும். மரத்துக்குப் பாம் வைத்தால் கோடாரி தேயாமல் விறகு கிடைக்கும்.

ஏறும் வேகத்தைக் கூட்டும் உடைகள் மூன்று உண்டு. தலைப்பட்டை டூயலிங் பீக்ஸ் பகுதியிலுள்ள ரீ டாஹீ ஷ்ரைனில், ஒரு பெட்டியில் இருக்கிறது. பீடபூமியிலிருந்து இறங்கிக் கிழக்கே போகிறவர்களுக்கு இது வழியிலேயே வரும். அந்தப் பெட்டியை எடுக்காமல் வெளியே வந்துவிடாதீர்கள்.

படி 5: இறங்குவதும் ஓடுவதும்

பாராகிளைடர் கிடைத்த பிறகு உயரம்தான் உங்கள் பெட்ரோல். ஏறிய ஒவ்வோர் உச்சியும் அடுத்த இடத்துக்கான பயணச்சீட்டு. கிளைடரில் தொங்கும்போது ஸ்டாமினா குறையும். பி அழுத்தி மூடிவிட்டு விழும்போது அந்தச் செலவு இல்லை. நேர்க்கீழே இறங்க வேண்டுமானால் மூடியபடி விழுந்து, தரைக்குச் சற்று மேலே எக்ஸ் அழுத்தித் திறங்கள். விழுந்த அடி படாது. தூரம் போக வேண்டுமானால் திறந்தே வையுங்கள்.

உயரம் இல்லாத சமவெளியில் காய்ந்த புல்லைக் கொளுத்தினால் மேல்நோக்கிக் காற்று கிளம்பும். அதில் கிளைடரைத் திறந்தால் தூக்கிச் செல்லும். நெருப்பு அம்போ, சுசு என்ற எதிரியிடம் கிடைக்கும் தீப்பற்றும் சிவப்பு ஜெல்லியோ ஒன்று போதும். காற்று உங்கள் பக்கம் வீசினால் நெருப்பும் உங்கள் பக்கம்தான் வரும், கவனம்.

மலைச்சரிவில் கேடயத்தின் மேல் சறுக்க இசட்எல் பிடித்து, எக்ஸ் அழுத்திக் குதித்து, காற்றில் இருக்கும்போதே ஏ அழுத்துங்கள். பாறையில் கேடயம் வேகமாகத் தேயும். பனியும் மணலும்தான் சறுக்க ஏற்றவை. மோசமான கேடயம் ஒன்றை இதற்கென்றே வைத்திருப்பது நல்லது.

குதிரைக்குப் பின்பக்கமாகப் பதுங்கிப் போய் ஏறி, முரண்டு பிடிக்கும்போதெல்லாம் எல் அழுத்தித் தட்டிக்கொடுங்கள். புள்ளி உடம்புக் குதிரைகள் சீக்கிரம் அடங்கும். ஒரே நிறமானவை அடங்க நேரமாகும், ஆனால் திறன் அதிகம். ஸ்டேபிளில் பதிய 20 ரூபி, மொத்தம் 5 குதிரை. ஆனாலும் சாலைப் பயணத்துக்குத்தான் குதிரை. மலை தென்பட்டால் இறங்கிவிடுங்கள். விசிலின் சத்தம் எட்டும் தூரத்துக்கு அப்பால் அது வராது என்பதற்காக, எதிரே உள்ள உச்சியை விட்டுவிட வேண்டாம். அடுத்த ஸ்டேபிளில் அதையே திரும்ப எடுத்துக்கொள்ளலாம்.

படி 6: பயணச் சாப்பாடு

ஒரு பாத்திரத்தில் 5 பொருள் வரை போடலாம். ஒரு விதியை மறக்காதீர்கள்: இரண்டு வெவ்வேறு பலன் தரும் பொருள்களைச் சேர்த்தால் இரண்டும் போய்விடும். குளிர் தாங்கும் மிளகாயையும் வேகம் தரும் காளானையும் கலந்தால் வெறும் பசியாற்றும் உணவுதான் கிடைக்கும்.

‘ஹார்ட்டி’ என்று தொடங்கும் பொருள் ஒன்றைத் தனியாகச் சமைத்தாலே ஹார்ட் முழுதும் நிரம்பி, மேலே மஞ்சள் ஹார்டும் சேரும். ஐந்து ஹார்ட்டி துரியனை ஒன்றாகப் போட்டு 20 மஞ்சள் ஹார்ட் வாங்குவது பெரிய சண்டைக்குச் சரி. ஊர் சுற்றுபவருக்கு அதே ஐந்தும் ஐந்து தனித்தனி உயிர். துரியன் மரங்கள் ஃபாரான் டவரை ஒட்டிய மேட்டில் கூட்டமாக இருக்கின்றன, அந்த இடத்தில் ஒரு ஸ்டாம்ப் போடுங்கள். ‘எண்டூரா’ காளானும் கேரட்டும் ஸ்டாமினாவுக்கு இதே வேலையைச் செய்யும். அவற்றையும் ஒவ்வொன்றாகவே சமையுங்கள்.

நீண்ட பயணத்துக்கு ஹார்ட்டி உணவு 4, எண்டூரா உணவு 3, குளிருக்கு 2, வெப்பத்துக்கு 2 என்று வைத்துக்கொண்டால் திடீரென்று பனிமலை குறுக்கிட்டாலும் திரும்ப வேண்டியதில்லை. உணவு தீர்ந்தால் தீப்பற்றிய ஆயுதத்தை ஏந்தினாலே குளிர் ஒரு படி குறையும்; வெயிலுக்குப் பனி ஆயுதம்.

படி 7: ஆயுதம் உடையட்டும்

ஆயுதம் உடைகிறதே என்று புலம்புபவர்கள், நல்ல வாளைப் பூட்டிவைத்துவிட்டுச் சண்டையே இல்லாத பாதையைத் தேடுகிறார்கள். அது வேண்டாம். உடையும் ஆயுதம்தான் உங்களை முகாமுக்குள் அனுப்புகிறது. ‘உடையப் போகிறது’ என்று எச்சரிக்கை வந்ததும் அதை எதிரி மேல் எறியுங்கள், கடைசி அடிக்கு இரண்டு மடங்கு பலம். மரத்துக்கும் தாதுப் பாறைக்கும் வாளைப் பயன்படுத்தாதீர்கள். தீராத பாம் இருக்கிறது. துருப்பிடித்த ஆயுதம் கிடைத்தால் ராக் ஆக்டோராக் என்ற எதிரி காற்றை உள்ளிழுக்கும்போது அதன் வாயில் எறியுங்கள், புதிதாக்கித் துப்பும்.

கொரோக் விதைகளை வாங்கிக்கொண்டு இன்வென்டரி இடத்தைக் கூட்டுபவர் ஹெஸ்டு. ககாரிகோவுக்குப் போகும் சாலையில் முதலில் சந்திப்பீர்கள். கொரோக் விதைகள் மொத்தம் 900 இருந்தாலும் எல்லா இடத்தையும் திறக்க 441 போதும். 900ஐயும் தேடிப் பட்டியல் போட்டு அலைவது இந்தக் கேமைக் கெடுத்துக்கொள்ளும் வேலை. வழியில் பட்டதை மட்டும் எடுங்கள்.

சிவப்பு நிலா எழும் நள்ளிரவில் செத்த எதிரிகளும், நிலத்தில் கிடந்த ஆயுதங்களும் திரும்ப வரும். வாள் ஸ்டாம்ப் போட்ட இடங்களுக்கு அதன் பிறகு ஒரு சுற்று போய்வாருங்கள். எதிரிகளை வெல்ல வெல்ல, கேம் மறைவாக ஒரு கணக்கு வைத்து வலிமையான எதிரிகளையும் அதற்கேற்ற நல்ல ஆயுதங்களையும் கொண்டுவரும் என்பதால், சேர்த்துவைத்த பழைய வாளின் மதிப்பு நாளாக ஆகக் குறையத்தான் செய்யும்.

எந்தப் பக்கம் முதலில்?

சரியான வரிசை என்று ஒன்றில்லை. ஆனாலும் சுற்றுவதே நோக்கம் என்றால் இப்படி யோசிக்கலாம். முதலில் கிழக்கே டூயலிங் பீக்ஸ், ககாரிகோ, ஹடேனோ. ஹடேனோ ஆய்வகத்தில் கேமரா திறக்கும். ஏன்ஷியண்ட் ஸ்க்ரூ 3 கொடுத்தால், ஷ்ரைன் அருகிலிருந்தால் ஒலிக்கும் சென்சார் மேம்பட்டு, நீங்கள் படமெடுத்த பொருளையே தேடித் தரும். ஹடேனோ டவரை முள்கொடி சுற்றியிருக்கும், நெருப்பு வைத்தால் வழி திறக்கும்.

அதன் பிறகு பலர் அருகிலுள்ள ஸோரா நகருக்குப் போவார்கள். அங்கே வா ரூட்டா என்ற டிவைன் பீஸ்டை அடக்கும்வரை மழை நிற்காது, ஆகவே ஏறுபவருக்கு அது சிறைபோலத்தான். நேரே மேற்கே ரீட்டோ கிராமத்துக்குப் போங்கள். அங்குள்ள டிவைன் பீஸ்டான வா மேடோவை முடித்தால் ரிவாலிஸ் கேல் கிடைக்கும். எக்ஸைப் பிடித்தாலே நின்ற இடத்திலிருந்து மேலே தூக்கும் காற்று அது; மூன்று முறை பயன்படுத்தலாம், பிறகு 6 நிமிடத்தில் திரும்ப நிரம்பும். மழையில் ஏற முடியாத சுவர்கள் பாதி இதோடு தீர்ந்தன. ரீட்டோவின் பயிற்சிக் களம் குளிர்ப் பகுதி, சட்டையோ மிளகாயோ மறக்காதீர்கள்.

விதி மாறும் இடங்கள்

டெத் மவுன்டன் என்ற எரிமலையில் வெறும் உடம்போடு நுழைந்தால் லிங்க் பற்றிக்கொள்வார். மர வில்லும் மரக் கேடயமும் எரியும், பாம் அம்பைத் தொடுத்தால் கையிலேயே வெடிக்கும். வெயில் தாங்கும் பானம் இங்கே உதவாது. ஃபயர்ப்ரூஃப் என்று பெயரிட்ட பானமோ கோரான் நகரின் கவசமோ தேவை.

கெருடோ பாலைவனத்தில் பகலில் வெயில், இரவில் குளிர். இரண்டுக்கும் தயாராகப் போங்கள். மணற்புயலுக்குள் மேப் வேலை செய்யாது. நுழையும் முன்பே தூரத்து அடையாளம் ஒன்றைக் கண்ணால் பிடித்துக்கொள்ளுங்கள். கெருடோ நகருக்குள் ஆண்களுக்கு அனுமதி இல்லை. காரா காரா பஜாரில் கட்டட மாடியில் நிற்பவரிடம் 600 ரூபிக்குப் பெண் உடை வாங்கலாம். அது வெயிலையும் தாங்கும்.

இடிமழையில் உலோகம் பொறி பறக்க ஆரம்பித்தால் வாள், வில், கேடயம் மூன்றையும் பாருங்கள். உலோகமானதைக் கழற்றி மரத்தாலானதை மாட்டுங்கள். பொறி அடர்த்தியாகும்வரை காத்திருந்து உலோக வாளை எதிரிக் கூட்டத்தில் எறிந்தால் இடி அங்கே விழும்.

லாஸ்ட் வுட்ஸில் திசை தெரியாமல் மூடுபனி திரும்பத் திரும்ப வாசலில் கொண்டுவந்து விடும். அங்குள்ள தீப்பந்தங்களின் பொறி எந்தப் பக்கம் பறக்கிறதோ அதுதான் வழி. நட்ட பந்தங்கள் முடிந்ததும் கையில் ஒன்றைப் பற்றவைத்து, அதன் பொறியைப் பார்த்து நடங்கள். திசை மாறினால் நீங்களும் மாறுங்கள்.

தென்கிழக்குக் கடலில் இருக்கும் ஈவென்டைட் தீவு, கால் வைத்ததும் உங்கள் ஆயுதம், உடை, உணவு அனைத்தையும் எடுத்துக்கொள்ளும். மூன்று உருண்டைகளை அவற்றின் பீடங்களில் வைத்தால் எல்லாம் திரும்பக் கிடைக்கும். தீவை விட்டுக் கிளம்பினாலும் கிடைக்கும். கேப் கேல்ஸ் முனையிலிருந்து ஸ்டாமினா பானத்தோடு பறந்து போகலாம். அங்கே இறங்கியதும் சண்டைக்குப் போகாமல் முதலில் பழம், காளான், கிளை, கிடக்கிற ஆயுதம் எல்லாம் பொறுக்குங்கள். உயரத்திலிருந்து பாறையை உருட்டுவது, வெடிபீப்பாய்க்கு நெருப்பு வைப்பது, ரிமோட் பாம் ஆகியவைதான் அங்கே பலம். இதுவரை பழகியதெல்லாம் எந்த அளவுக்குக் கைவந்திருக்கிறது என்று அந்தத் தீவில் தெரிந்துவிடும். முழுக் கேமிலும் மிகச் சிறந்த இடம் அதுதான் என்று தயங்காமல் சொல்லலாம்.

அலுப்புத் தட்டினால்

ஒரே மாதிரி ஷ்ரைன்களாக வருகின்றன என்று தோன்றினால், உடனடிப் பயணத்தை நிறுத்திப் பாருங்கள். ஒரு ஸ்டேபிளிலிருந்து அடுத்த ஸ்டேபிளுக்கு நடந்தே போவது, இரவில் தங்குவது, அங்குள்ளவர்கள் பேசுவதைக் கேட்பது என்று ஒரு மாலை வைத்துக்கொள்ளுங்கள். ஸ்டேபிள்களில் பேசுபவர்கள் தரும் குறிப்புகள் பலவும் எங்கேயும் பதிவாகாது. நீங்கள்தான் நினைவில் வைக்க வேண்டும்.

கார்டியன்கள் (லேசர் சுடும் பழங்கால இயந்திரங்கள்) துரத்தி அலுத்துப்போனால், அவற்றின் லேசர் மரத்தையோ சுவரையோ தாண்டி வராது என்பதை நினைவில் கொள்ளுங்கள். திரும்பி நின்று, லேசர் கிளம்பும் கணத்தில் இசட்எல் பிடித்து ஏ அழுத்தினால் பானை மூடியால்கூடத் திருப்பி அடிக்கலாம். சிதைந்து அசையாமல் நிற்கும் கார்டியன் ஒன்றிடம், முன்னால் ஒரு சேவ் போட்டுவிட்டு, கை பழகும்வரை இதைச் செய்து பாருங்கள். கார்டியன்கள் திரியும் மத்திய சமவெளி அன்றிலிருந்து உங்களுடையது.

2017 ஜூன் 30 அன்று வந்த ‘தி மாஸ்டர் ட்ரயல்ஸ்’ விரிவாக்கம் உங்களிடம் இருந்தால் ஹீரோஸ் பாத் என்ற வசதி மேப்பில் இருக்கும். கடைசி 200 மணி நேர விளையாட்டில் நீங்கள் நடந்த பாதை முழுவதையும் பச்சைக் கோடாக வரையும். அதை ஆரம்பத்திலேயே திறக்காதீர்கள். 50, 60 மணி நேரம் சுற்றிய பிறகு திறந்து, கோடே படாத பகுதிகளில் பெரியதாக ஒன்றைத் தேர்ந்து, அதன் நடுவில் ஒரு பின் போட்டு, பக்கத்து உச்சியிலிருந்து அதை நோக்கிக் கிளைடரைத் திறங்கள்.